அமாவாசை பொறக்கற வரைக்கும்

லோனுக்கும் நிலாவுக்கும் இன்னா சம்மந்தம்னு யாராச்சும் கேட்டா நான் சிரிக்க மாட்டேன். பாதி ஆயுசு பேங்க் கவுண்டருக்கு உள்பக்கம் உக்காந்தவ நான். பட்டா இருக்குதா, ரேஷன் கார்டு இருக்குதா, ஜாமீன் போட ஆளு இருக்குதான்னு பாத்துட்டுதான் லோன் குடுக்கறாங்கன்னு ஜனங்க நெனச்சிக்கினு இருக்காங்க. அதெல்லாம் பாப்பாங்கதான், இல்லன்னு சொல்லல. எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியா தலைய தூக்கி வானத்தையும் ஒருவாட்டி பாப்பாங்க. அத்த மட்டும் யாரும் சர்க்குலர்ல எழுத மாட்டாங்க.

எங்க ஊரு ஆந்திராவுல புத்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைய ஒட்டின கிராமம். எங்க நைனா காலம் வரைக்கும் எங்களுக்குன்னு கையகலம் நெலம் கெடையாது, அடுத்தவங்க கரும்புத் தோட்டத்துல கூலி வேலதான். ஊட்ல தமிழு, இஸ்கூல்ல தெலுங்கு. தமிழ் எழுத்த நான் கத்துக்கினது மளிகைக் கடை பொட்டலத்துலயும் சினிமா போஸ்டர்லயும். பரீட்ச எழுதி, பக்கத்து டவுன்ல ஒரு பேங்க் பிராஞ்சில கிளார்க்கா சேந்தேன். அங்க செவுத்துல மாட்டியிருந்த ரெண்டு காலண்டரையும் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்.

ஆமா, ரெண்டு காலண்டர். மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால தெலுங்கு காலண்டர், மாசத்துக்கு ஒரு தாளு, ஒவ்வொரு கட்டத்துலயும் திதி, நட்சத்திரம், ஆகாத நேரம் எல்லாம் பொடி எழுத்துல. என் கவுண்டருக்கு மேல தமிழ் காலண்டர், தெனமும் கிழிக்கிறது, திருத்தணி நகைக்கடை ஒண்ணு குடுத்தது. எங்க பிராஞ்சுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு தமிழு, பாதிப் பேரு தெலுங்கு, வாயத் தெறந்தா ரெண்டும் கலந்துதான் வரும். அவங்கவங்க வந்து அவங்கவங்க காலண்டரப் பாத்துட்டுப் போவாங்க. எனக்கு அது மொதல்ல ஒண்ணும் விசித்திரமா தெரியல. கோயில்ல ரெண்டு உண்டியல் இருக்கறதில்லையா, அந்த மாதிரிதான்னு நெனச்சிக்கினேன்.

சேந்து ஒரு வருசம் ஆனப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன். என் மேசைக்கு லோன் பேப்பருங்க வர்றது சீரா இல்ல. அமாவாச கழிஞ்சி ரெண்டு மூணு நாள்ல குமிஞ்சிடும். தல நிமிர முடியாது, மத்தியானச் சோறு துன்ன நேரம் இருக்காது. பௌர்ணமி தாண்டினா கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சி, தேய்பிறைக் கடைசியில ஈ ஓட்டிக்கினு உக்காந்திருப்பேன். மொதல்ல சம்பள நாளுக்கும் இதுக்கும் ஏதோ தொடர்பு இருக்குதுன்னு நெனச்சேன். அப்புறம், கரும்பு வெட்டற பருவமோன்னு பாத்தேன். ரெண்டும் ஒத்து வரல. ஒருநாள் சும்மா தமிழ் காலண்டர் தாளக் கிழிக்கும்போது, அட, பிறை வளர்ற கணக்கும் என் மேசையில பேப்பர் வளர்ற கணக்கும் ஒண்ணா போவுதேன்னு பொறி தட்டுச்சி. அன்னியிலேர்ந்து எனக்கு அது ஒரு கிறுக்காவே ஆயிடுச்சி. யாருக்கு எந்த திதியில லோன் ஆவுதுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கினே இருப்பேன்.

காரணம் எங்க மேனேஜரு. குண்டூர்ப் பக்கத்து மனுஷன். தங்கமானவரு, அத்த மொதல்லயே சொல்லிடறேன். ஒரு டீ கூட யார் காசுலயும் குடிக்க மாட்டாரு. படிக்காதவங்க கைநாட்டு வெக்க வந்தா அவரே எழுந்து வந்து நாற்காலி போடுவாரு. ஆனா லோன் பத்திரத்துல கையெழுத்துப் போடணும்னா மட்டும், பேனா மூடிய கழட்டறதுக்கு முன்னாடி முதுகத் திருப்பி காலண்டரப் பாப்பாரு. விதிய, ததிய, அதாவது நம்ம துவிதியை, திருதியை, அப்புறம் பஞ்சமி, தசமின்னா பேனா ஓடும். அஷ்டமி நவமின்னா பேனா ஜோபியிலேயே இருக்கும். தேய்பிறையில பாதி தாண்டினா, "ஃபைலு ஸ்க்ரூட்டினியில இருக்குது"ன்னு சொல்லி அனுப்பிடுவாரு. அமாவாச அன்னிக்கு கேபின் கதவே சாத்தித்தான் இருக்கும். தெலுங்குக்காரங்களுக்கு அமாவாச ஆவாது. ஊருக்குக் கூட கெளம்ப மாட்டாங்க.

அவரு முன்ன இந்த அளவுக்கு இல்லையாம், பழைய ஆளுங்க சொன்னாங்க. ஒரு காலத்துல பந்தல் போட்டு, மைக் கட்டி, மாலை போட்டு லோன் குடுத்தாங்க. அப்ப யாரு பிறை பாத்தா? வந்தவனுக்கெல்லாம் எரும மாடு. அப்புறம் டில்லியில புதுக் கொள்கைன்னு ஒண்ணு வந்துச்சி. தனியார் பேங்கெல்லாம் வரப்போவுது, நீங்களும் லாபம் காட்டணும், திரும்பி வராத கடனையெல்லாம் அழுகின கடன்னு தனியா எழுதிக் காட்டணும், யாரு கையெழுத்துப் போட்டாங்களோ அவங்களக் கேப்போம்னு தாளு மேல தாளு வந்துச்சி. அந்தத் தாளப் படிச்சிப் படிச்சி மனுஷன் மெலிஞ்சே போயிட்டாரு. பயம் வந்தவன் மொதல்ல தேடறது நல்ல நாளத்தான். நாள் செய்யறத நல்லவங்க செய்யமாட்டாங்கன்னு நம்மளும்தான் சொல்றோம்.

மார்ச் மாசம் வந்தா மட்டும் நிலாவுக்கு லீவு. வருசக் கணக்கு முடியணும், டார்கெட் எட்டணும், அஷ்டமியாவது நவமியாவது, தேதி முப்பத்தொண்ணு வரைக்கும் கையெழுத்துதான். நான் ஒருவாட்டி வாய் அடங்காம கேட்டுட்டேன், "இன்னா சார், இன்னிக்கு அஷ்டமியாச்சே?"ன்னு. "அது டார்கெட் அம்மா. அந்தப் பாவம் ஹெட் ஆபீசுக்குப் போவும்"னாரு. சிரிக்காம சொன்னாரு. நான்தான் கவுண்டருக்கு அடியில குனிஞ்சி சிரிச்சேன்.

இதுல வேடிக்க இன்னான்னா, கடன் வாங்க வர்ற எங்க ஜனங்களுக்கு வேற நிலா. தமிழனுக்கு அமாவாசன்னா நெறஞ்ச நாளு. பொண்ணு பாக்கப் போறதா, கட தெறக்கறதா, வண்டி எடுக்கறதா, "நெறஞ்ச அமாவாச, இன்னிக்கே பண்ணிடு"ம்பாங்க. இதோட இன்னொன்னும் உண்டு. வளர்பிறையில கடன் வாங்கினா கடனும் வளரும், அமாவாசயோட வாங்கினா அதோட தேஞ்சிடும்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு. மேனேஜரு கணக்கும் அதேதான், தலைகீழா. பேங்க்கு பணம் வளரணும்னு அவரு வளர்பிறையில குடுப்பாரு. கடன் வளரக்கூடாதுன்னு எங்க ஆளுங்க வளர்பிறையில வாங்க மாட்டாங்க. ஒரே நிலா, ஒரே பணம். அமாவாச அன்னிக்கு எங்க பிராஞ்சப் பாக்கணுமே! கவுண்டருக்கு அந்தப் பக்கம் தமிழ் ஜனம் நெறஞ்சி வழியும், கேபின் கதவு சாத்தியிருக்கும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு ஒரு பெரியவரு மாசாமாசம் ஒரே பாட்டப் பாடுவாரு.

என்னை நடுவுல கொஞ்ச நாளு பலமனேருக்கு அனுப்பினாங்க. அங்க தக்காளி விவசாயிங்க, பால்காரங்க, எல்லாம் தெலுங்கும் கன்னடமும். அமாவாச அன்னிக்கு ஒரு காக்கா குருவி உள்ள வராது. மேனேஜரு மேல பழி போட முடியல, ஏன்னா அங்க இருந்த மேனேஜரு சர்ச்சுக்குப் போறவரு, திதின்னா இன்னான்னே தெரியாது. அப்பவும் லோன் பேப்பரு பிறையோட வளந்து பிறையோட தேஞ்சிச்சி. அப்பதான் புரிஞ்சிச்சி, குடுக்கறவன் பாக்கலன்னாலும் வாங்கறவன் பாக்கறான். ரெண்டு பேருல ஒருத்தன் பாத்தாலே போதும், பேங்க்கு பணம் நிலா சொன்னபடிதான் ஆடும். எனக்கு ஒரே சந்தோஷம், ஏதோ பெரிய ரகசியத்தக் கண்டுபிடிச்சிட்ட மாதிரி. திரும்பி எங்க பிராஞ்சுக்கே மாத்திக்கினு வந்தேன். அந்த சந்தோஷம் ரொம்ப நாள் நிக்கல.

எங்க சின்னம்மா பொண்ணு, எனக்குத் தங்கச்சி முற. எங்க ஊருலயே கட்டிக் குடுத்திருந்தாங்க. புருஷன் மெட்ராசுல கட்டட வேல, மாசத்துக்கு ஒருவாட்டி வருவான், வந்தா ஒருவாட்டி காசு இருக்கும் ஒருவாட்டி இருக்காது. மூணு வயசுப் பொண் கொழந்த ஒண்ணு. அப்ப எங்க பக்கமெல்லாம் பொம்பளைங்க குவைத்துக்குப் போவ ஆரம்பிச்சிருந்தாங்க, வீட்டு வேலைக்கு. போன வீட்ல ஓடு மாறி தளம் வரும், டேப் ரெக்கார்டர் வரும். பொம்பள மட்டும் அங்கயே இருப்பா. இவளும் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பின்னால லாட்ஜ் ரூம்ல ஆபீஸ் வெச்சிருந்த ஒரு ஏஜெண்ட்டுகிட்ட பாஸ்போர்ட்டக் குடுத்துட்டா. ரெண்டு வருச அக்ரிமெண்ட்டு. ஆனா போவ மனசில்ல. கொழந்தைய விட்டுட்டு எப்படிப் போவான்னு அவளுக்கே தெரியல.

"அக்கா, ரெண்டு மாடு கெடச்சா நான் போவ மாட்டேன்க்கா"ன்னு எங்கிட்ட வந்து நின்னா. "பால் சொசைட்டியில ஊத்தி கடனக் கட்டிடுவேன். நீ சொல்லி லோன் வாங்கிக் குடு."

பொம்பளைங்க பேருல கறவ மாட்டு லோன் ஒண்ணு இருந்துச்சி. நானே ஃபாரம் நெரப்பினேன், நானே ஃபோட்டோ ஒட்டினேன். பலமனேர் சந்தையில எனக்குத் தெரிஞ்ச தரகர்கிட்ட அவளக் கூட்டிக்கினு போனேன். ஒரு செவலையும் ஒரு கருப்பு வெள்ளையும் பிடிச்சிப் போச்சி. செவலையோட மடியத் தொட்டுப் பாத்துட்டு, "அக்கா, இது எங்கூட வர்றதுக்கு ஒத்துக்கிச்சி"ன்னா. வீட்டுக்குப் பின்னால கீத்துக் கொட்டாயும் போட்டுட்டா. கொழந்த அந்தக் கொட்டாயில உக்காந்துக்கினு வராத மாட்டுக்கு புல்லு போட்டுக்கினு இருந்துச்சி.

ஜாமீன்காரன் பேப்பரு ரெண்டு நாள் லேட்டா வந்துச்சி. அதுக்குள்ள பௌர்ணமி தாண்டிடுச்சி. அவ்ளோதான், மேனேஜரு ஃபைல தள்ளி வெச்சிட்டாரு. "அடுத்த வளர்பிறையில பாக்கலாம் அம்மா." அந்த நேரம் பாத்து ஏஜெண்ட்டு சொல்லி அனுப்பிட்டான். விசா வந்துடுச்சி, அமாவாச கழிஞ்சி வர்ற சனிக்கிழமை மெட்ராசுலேர்ந்து ப்ளைட்டு, வந்தா வா, வரலன்னா வேற ஆளு இருக்குது, குடுத்த அட்வான்சு திரும்பாதுன்னு. தங்கச்சி நேரா எங்கிட்ட வந்தா. "அமாவாசையோட லோன் ஆனா ஏஜெண்ட்ட வேணான்னுடுவேன்க்கா. ஆவலன்னா நான் போயித்தான் ஆவணும். அட்வான்சு குடுத்ததே வட்டிக்கு வாங்கின துட்டு."

நான் கேபினுக்குள்ள போயி நின்னேன். எனக்கு கோவம் வந்தா தெலுங்கும் தமிழும் ஒண்ணா வரும். "சார், அந்தப் பொண்ணு கொழந்தைய விட்டுட்டுப் போவப்போவுது. ரெண்டு மாட்டுக்கு நிலா எதுக்கு சார்? தீபாவளி அமாவாசைக்கு நீங்க லட்சுமி பூஜ பண்றது இல்லையா?"ன்னேன்.

"லட்சுமி உள்ள வர்றதுக்கு பூஜ பண்றோம் அம்மா, வெளிய அனுப்பறதுக்கா பண்றோம்?"னாரு. கோவப்படல. பாவமாத்தான் சொன்னாரு. அப்புறம் மெல்லமா, "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. இந்த லோன் அழுகிப் போச்சின்னா என் ப்ரமோஷன் போச்சி. நான் மனசு ஒப்பாம கையெழுத்துப் போட்டு, அது அவளுக்கும் விளங்காம போனா?"ன்னாரு. அவரு நடிக்கல. நெஜமாவே அவளுக்கு நல்லது பண்றதாத்தான் நெனச்சாரு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சி. கெட்டவனா இருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வந்திருப்பேன்.

வெளிய வந்து என் சீட்டுல உக்காந்து ரெண்டு காலண்டரையும் மாத்தி மாத்திப் பாத்தேன். அப்ப தெரிஞ்சிச்சி ஒரு விசயம். அந்த மாசம் ரெண்டு காலண்டர்லயும் அமாவாச ஒரே நாள் இல்ல! தமிழ் காலண்டர்ல புதன்கிழமை. தெலுங்குல வியாழக்கிழமை. நகைக்கடைக்காரன் தப்பா அச்சடிச்சிட்டானோன்னு பாத்தா, இல்ல. புதன்கிழமை காலையில பதினோரு மணிக்கு மேலதான் அமாவாச ஆரம்பிக்குது. மத்தியானம் தர்ப்பணம் குடுக்கற நேரத்துல அமாவாச இருக்குதுன்னு தமிழ் காலண்டரு அத்த புதன்ல போட்டுது. பொழுது விடியும்போது இன்னா திதியோ அதுதான் அந்த நாளுன்னு தெலுங்கு காலண்டரு வியாழன்ல போட்டுது. புதன் காலையில அவங்களுக்கு இன்னும் சதுர்த்தசிதான். எனக்கு குதிக்கணும் போல இருந்துச்சி. அவ நிலாவும் அவரு நிலாவும் ஒரே நாள்ல ஒத்துப்போற எடம் கெடச்சிடுச்சே!

மறுபடியும் உள்ள போனேன். "சார், புதன்கிழமை உங்க காலண்டர்ல அமாவாச இல்ல."

அவரு கண்ணாடியப் போட்டுக்கினு ரொம்ப நேரம் பாத்தாரு. "சதுர்த்தசியும் எனக்குப் பிடிச்ச நாள் இல்ல"ன்னாரு. நான் நகரல. பெருமூச்சு விட்டாரு. "சரிம்மா, உனக்காக. புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லு. அமாவாச தொடறதுக்குள்ள முடிச்சிடணும்."

அன்னிக்கு சாயங்காலமே தங்கச்சி புருஷன் ஊருக்கு வந்திருந்தான். அவங்கிட்ட, "புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுப்பா, மேனேஜரு கையெழுத்து போடறாரு"ன்னு சொல்லி அனுப்பினேன். அவனும் போயி அப்படியே சொன்னான். ஒரு எழுத்து மாத்தல.

புதன்கிழமை மேனேஜரு சீக்கிரமாவே வந்துட்டாரு. நெத்தியில குங்குமம். ஃபைல எடுத்து மேசமேல நேரா வெச்சி, அதும்மேல பேனாவ வெச்சிட்டு உக்காந்தாரு. பத்து மணி ஆச்சி. தங்கச்சியக் காணோம். கவுண்டர்ல அமாவாசக் கூட்டம் ஏறிக்கினு இருந்துச்சி, நான் ஒரு வவுச்சர் போடறதும் வாசல எட்டிப் பாக்கறதுமா இருந்தேன். பத்தரை. மேனேஜரு கேபின் கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு. நான் கையக் காட்டினேன், வந்துடுவா வந்துடுவான்னு. பஸ்ஸு லேட்டோ, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையோ, அந்த ஏஜெண்ட்டு ஏதாச்சும் பண்ணிட்டானோன்னு நெனச்சிக்கினு, அட்டெண்டர வெரட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாத்துட்டு வரச் சொன்னேன். அங்க இல்ல. பதினொண்ணும் ஆயிடுச்சி. செவுத்துக் கடிகாரத்த அவரும் பாக்கறாரு, நானும் பாக்கறேன். முள்ளு தாண்டிச்சி. அவரு பேனாவ எடுத்து மூடியப் போட்டு ஜோபியில சொருகினாரு. ஃபைல மூடினாரு. மூடும்போது அவருக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சி, மூஞ்சில தெரிஞ்சிது.

அப்ப வந்தா. இடுப்புல கொழந்த, கையில வாழைப்பழச் சீப்பு, நெத்தி நெறைய குங்குமம். மூஞ்செல்லாம் சிரிப்பு.

"அக்கா, பொறந்துடுச்சி!"ன்னா.

"இன்னாடி பொறந்துடுச்சி?"

"அமாவாசக்கா. இப்பதான் பூசாரி சொன்னாரு."

"எங்கடி இருந்த இவ்ளோ நேரம்?"

"எதுத்தாப்ல அம்மன் கோயில்லதான். பத்து மணிக்கு முன்னாடியே வந்துட்டேன். சாரு நம்ம அமாவாசைக்கு ஒத்துக்கினாரே, அதான் பொறந்தப்புறம் நெறஞ்ச நேரத்துல வாங்கலாம்னு உக்காந்துகினு இருந்தேன்."

 ரோட்டுக்கு அந்தப் பக்கம் இவ உக்காந்துக்கினு அமாவாச எப்ப பொறக்கும்னு பாத்துக்கினு இருந்திருக்கா. ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவரு உக்காந்துக்கினு அது பொறக்கறதுக்குள்ள இவ வந்துடணும்னு பாத்துக்கினு இருந்திருக்காரு. ரெண்டு பேரும் ஒரே நிமிசத்தத்தான் பாத்திருக்காங்க. யாரத் திட்டறது?

அவளக் கூட்டிக்கினு கேபினுக்குள்ள போனேன். கெஞ்சினேன். கத்தினேன். வெளிய ஜனமெல்லாம் எட்டிப் பாத்துச்சி. "அஞ்சு நிமிசம் தானே சார் ஆச்சி! மார்ச் மாசம் அஷ்டமியில போட்ட கைதானே இது!"ன்னேன். அவரு திரும்பி காலண்டரப் பாத்தாரு, விரல வெச்சித் தேடினாரு, மூஞ்சி தெளிஞ்சிது. "சனிக்கிழமை. விதிய. ஏழுமலையான் நாளும் கூட. இதவிட நல்ல நாள் கெடைக்காது. காலையில மொத வேலையா போட்டுடறேன். நான் வாக்குக் குடுக்கறேன் அம்மா"ன்னாரு.

"சனிக்கிழமதான் சார் ப்ளைட்டு"ன்னேன்.

தங்கச்சி என் கையப் பிடிச்சி இழுத்தா. அழல. அவ அழுதிருந்தா கூட அவரு எறங்கியிருப்பாருன்னு இன்னிக்கும் எனக்குத் தோணுது. "விடுக்கா. மனசில்லாம குடுக்கற துட்டுல வாங்கின மாடு மடி நெறையாது"ன்னா.

"சனிக்கிழமை தரேன்றாரேடி, டிக்கெட்ட விடு, இருந்து பாரு."

"வளர்பிறையில வாங்கி கடன வளக்கச் சொல்றியா? அன்னிக்கும் ஏதாச்சும் ஆச்சின்னா மாடும் இல்ல, டிக்கெட்டும் இல்ல, வட்டி மட்டும் நிக்கும்." கொழந்தைய இடுப்பு மாத்திக்கினு, "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலக்கா. என் நேரம்"ன்னா. வாழைப்பழச் சீப்ப மேனேஜரு மேசையில வெச்சிட்டு வந்துட்டா. கொழந்த திரும்பித் திரும்பி அந்தப் பழத்தையே பாத்துக்கினு போச்சி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள பஸ் ஏத்தி விட்டது நான்தான். கொழந்தைய தூங்க வெச்சிட்டு வந்திருந்தா. பொடவை மாராப்புல பால் வாசன வருது, மோந்து பாருக்கான்னு சிரிச்சா. அந்தக் கொழந்த பால் மறந்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. அவளுக்கு மட்டும் வாசன வந்துச்சோ இன்னாவோ. நான் மோந்து பாத்துட்டு ஆமாடின்னேன்.

சனிக்கிழமை காலையில மேனேஜரு கேபின்ல ஃபைலு தெறந்து இருந்துச்சி, பேனா மூடி கழண்டு இருந்துச்சி. என்னைக் கூப்பிட்டு, "ஆ அம்மாயி ராலேதா?"ன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு வரலியான்னு.

"ப்ளைட்டு ஏறிட்டா சார்"னேன்.  அன்னிக்கு சாயங்காலம் மூணாம் பிறை நல்லா தெளிவா தெரிஞ்சிச்சி, தெருவே நின்னு கும்பிட்டுச்சி. நான் ஊட்டுக்குள்ள போயிட்டேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாளு எந்த திதியில யாருக்கு லோன் ஆச்சின்னு கணக்குப் பாக்கறத விட்டுட்டேன். வெறுத்துப் போச்சி. ஆனா பழகின கண்ணு சும்மா இருக்குமா? தை மாசம் வந்துச்சி. தை அமாவாச, இந்தவாட்டி ரெண்டு காலண்டர்லயும் ஒரே நாளு. கேபின் கதவு வழக்கம் போல சாத்தியிருந்துச்சி. தங்கச்சி புருஷன் கொழந்தையத் தூக்கிக்கினு கவுண்டருக்கு வந்தான். கையில ஒரு ரிஜிஸ்டர் கவரு. உள்ள டிராஃப்டு, குவைத்துலேர்ந்து மொதல் மொதலா வந்தது.

வெளிநாட்டுப் பணம்னா அப்ப பேங்க்ல தனி மரியாத. வெளிநாட்டுல இருக்கறவங்ககிட்டேர்ந்து டெபாசிட் வாங்குங்கன்னு அதுக்கும் ஒரு சர்க்குலரு, அதுக்கும் ஒரு டார்கெட்டு. அட்டெண்டரு போயி சொன்ன ஒடனே சாத்தியிருந்த கேபின் கதவு தெறந்துச்சி. மேனேஜரே எழுந்து கவுண்டருக்கு வந்தாரு. டிராஃப்ட்ட ரெண்டு கையால வாங்கி கண்ணுல ஒத்திக்கினாரு. "காஃபி சொல்லு"ன்னாரு.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிச்சி. "சார், இன்னிக்கு அமாவாஸ்ய"ன்னேன், நல்லா ஒரக்க.

"டெபாசிட்டுக்கு ஏம்மா அமாவாஸ்ய?"ன்னு சிரிச்சாரு. "லட்சுமி எப்ப வந்தாலும் கதவ தெறக்க வேண்டியதுதான்." அப்புறம் புருஷங்காரனப் பாத்து, "யாருப்பா அங்க இருக்கறது?"ன்னு கேட்டாரு.

"என் சம்சாரம் சார்."

"ரெண்டு மாடு சார்"னேன் நான். "ஒரு செவல, ஒரு கருப்பு வெள்ள."

அவரு கை டிராஃப்ட்டோட அப்படியே நின்னுச்சி. கொழந்தையப் பாத்தாரு. கொழந்தைக்கு அவர ஞாபகம் இல்ல, ஆனா அந்த மேச ஞாபகம் இருந்துச்சி போல, கேபினுக்குள்ள எட்டி எட்டிப் பாத்துச்சி. அவரு உள்ள போனாரு. புது வருசத்துக்கு பெரிய டெபாசிட்காரங்களுக்குக் குடுக்க வெச்சிருந்த காலண்டர்ல ஒண்ண சுருட்டி எடுத்துக்கினு வந்து கொழந்த கையில குடுத்தாரு. அந்த மனுஷனுக்கு அதுக்கு மேல இன்னா செய்யறதுன்னு தெரியலன்னு எனக்குப் புரிஞ்சிச்சி. கோவம் போவல, ஆனா கத்தவும் தோணல.

கொழந்த காலண்டர கவுண்டர் மேல விரிச்சி வெச்சிது. ஊட்ல யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, எல்லா நாளும் இதுலதான் இருக்கும்னு.

"பெரிம்மா, அம்மா வர்ற நாளு எங்க இருக்குது?"

நான் ஒவ்வொரு தாளா திருப்பினேன். மாசி, பங்குனின்னு எனக்குள்ளயே சொல்லிக்கினு போனேன், டிசம்பர் வரைக்கும் போனேன். ரெண்டு வருச அக்ரிமெண்ட்டு, ஆவணியில போனவ.

"இதுல இல்ல கண்ணு"ன்னேன். "அடுத்த காலண்டர்ல இருக்குது."

கொழந்த காலண்டரத் திரும்பச் சுருட்டி மேனேஜருகிட்டயே நீட்டிச்சி. "அப்ப இது வேணாம். அத்த குடு"ன்னிச்சி.

அவருக்கு தமிழ் நல்லாப் புரியும். என்னைப் பாத்தாரு. அத்த இன்னும் அச்சடிக்கலன்னு நான்தான் சொன்னேன்.